லொறியின் அச்சும் இயந்திரத்தின் நிறையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பரந்து கிடப்பது படுவான்கரை. அங்கே பெரும்போக வேளாண்மை முற்றித் தலைசாயும் மாசி, பங்குனி மாதங்களில், செங்கலடியிலிருந்து கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா ஊடாகப் பதுளை நோக்கிச் செல்லும் வீதியிற் புதுவகைப் போக்குவரத்து ஒன்றைக் காணலாம். நெல்லை வெட்டி, அடித்து, தூற்றி, மணியை மட்டும் தரும் அறுவடை இயந்திரங்களை முதுகிற் சுமந்துகொண்டு லொறிகள் வயல்களை நோக்கி விரைகின்றன. ஒரு பகுதியில் வெட்டு முடிந்ததும் இயந்திரம் அடுத்த பகுதிக்குப் போகின்றது. அவ்வாறே கிணறு தோண்டவும் வாய்க்கால் திருத்தவும் வரும் மண்வெட்டு இயந்திரங்களும், நாற்சில்லு உழவு இயந்திரங்களும் ஆண்டு முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன.

முன்னாளில் கமக்காரர் சூடு வைத்துக் களவெட்டியில் எருமை கொண்டு மிதித்த காலத்தில், இரண்டு நாள் தாமதித்தால் பெரும் நட்டம் எதுவும் நேர்ந்ததில்லை. சூடு மழையையும் பொறுத்தது. இன்று நிலைமை வேறு. நெல் நிற்கும் தாளிலேயே இயந்திரத்துக்காகக் காத்திருக்கின்றது. வரவேண்டிய லொறி வழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டால், முற்றிய கதிர் உதிரும். பருவம் தப்பிய மழை வந்தால் தாள் சாயும். சாய்ந்த நெல் முளைவிடும். குளக்கட்டின் மீதோ, வாய்க்காற் கரையிலோ லொறி நின்றுவிட்டால், அந்த வட்டை முழுவதற்கும் வழி அடைபட்டுப் போகும். அன்றியும், நிறை தாங்காத லொறி கவிழ்ந்தால் அதிற் செல்வோரின் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, கனமான இயந்திரத்தை ஏற்றிச் செல்ல லொறி வாங்குவோரும், வாடகைக்கு அமர்த்துவோரும், அதன் அச்சு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை முதலில் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

மாட்டு வண்டி கற்பித்த பாடம்

இவ்விஷயம் கமக்காரருக்கு முற்றிலும் புதியதன்று. மாட்டு வண்டியில் நெல் மூடை ஏற்றும்போது, வண்டிக்காரர் மூடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும். மாடு இழுக்க மாட்டாது திணறும். மூடைகளின் எண்ணிக்கை மாறவில்லை. அவை வைக்கப்பட்ட இடம் மாத்திரமே மாறியது. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் மயிலிறகு கூட வண்டியின் அச்சை முறித்துவிடும் என்னும் கருத்தைத் திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் எடுத்துக்காட்டாகக் கூறுகின்றது. அச்சுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், பாரம் வைக்கும் இடமும் அதனைப் பாதிக்கும் என்பதும் லொறிக்கும் பொருந்தும் உண்மைகளாகும்.

எனினும் நெல்லுக்கும் இயந்திரத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோகிராம் நிறையுடையது. எனவே 3,200 கிலோகிராம் நிறையுள்ள அறுவடை இயந்திரம் ஒன்று ஏறக்குறைய 150 புசல் நெல்லுக்குச் சமமாகும். 150 புசல் நெல்லை மூடைகளாகக் கட்டி, லொறியின் தட்டு முழுவதும் சமமாகப் பரப்பி அடுக்கலாம். பாரம் ஒருபுறம் மிகுந்தால் சில மூடைகளை நகர்த்தலாம். இயந்திரத்தை அவ்வாறு பிரிக்க முடியாது. அதன் நிறை முழுவதும் ஒரே இடத்தில், அதன் நிறைமையம் நிற்கும் இடத்தில் வந்து அழுத்தும். நெல் ஏற்றிப் பழகிய லொறி, அதே நிறையுள்ள இயந்திரத்தையும் பழுதின்றிச் சுமக்கும் என்று கொள்வது தவறாகும்.

அறிய வேண்டிய நான்கு எண்கள்

ஒவ்வொரு லொறிக்கும் அதனைச் செய்தவர்கள் சில எல்லைகளைக் குறித்துள்ளனர். அவற்றுள் நான்கு முக்கியமானவை.

முதலாவது, சுமையற்ற நிறை. இது பாரம் எதுவும் ஏற்றாத லொறியின் நிறை.

இரண்டாவது, மொத்த நிறை. லொறி, எரிபொருள், சாரதி, உதவியாள், ஏற்றிய பாரம் யாவும் சேர்ந்து எவ்வளவுக்கு மேற்படக்கூடாது என்பதை இது குறிக்கும். இவ்விரு நிறைகளும் வாகனப் பதிவுச் சான்றிதழில் காணப்படும்.

மூன்றாவது, முன்னச்சின் தாங்குதிறன். நான்காவது, பின்னச்சின் தாங்குதிறன். இவை பெரும்பாலும் சாரதியின் கதவோரத்திலோ, சட்டத்திலோ பொருத்தப்பட்ட தகட்டிலும், வாகனத்துடன் வரும் கைந்நூலிலும் காணப்படும்.

கமக்காரர் பலர் முதலிரண்டை மாத்திரமே பார்க்கின்றனர். மொத்த நிறையிலிருந்து சுமையற்ற நிறையைக் கழித்து, மீதியை ஏற்றலாம் என்று முடிவு செய்கின்றனர். இது பாதிக் கணக்கே ஆகும். மொத்த நிறை எல்லைக்குள் இருந்தபோதிலும், ஓர் அச்சின் மேல் மட்டும் பாரம் மிகுந்திருக்கக் கூடும். அன்றியும், முன்னச்சின் தாங்குதிறனையும் பின்னச்சின் தாங்குதிறனையும் கூட்டினால் வரும் தொகை, பெரும்பாலும் மொத்த நிறையினும் கூடுதலாக இருக்கும். சட்டம், தடுப்பு, இயந்திரம் ஆகியவற்றின் வலுவையும் கருதியே மொத்த நிறை குறிக்கப்படுவதால், அக்கூட்டுத் தொகை வரை ஏற்றலாம் என்று எண்ணுதல் கூடாது. மூன்று எல்லைகளுள் ஒன்றையேனும் மீறாதிருத்தல் வேண்டும்.

யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான லொறிகள் நம் நாட்டிற் பல. அவற்றின் தகடு யப்பானிய எழுத்துக்களில் இருப்பதால் வாசிக்க இயலாமற் போகலாம். அத்தகைய லொறியை வாங்குவோர், இறக்குமதிப் பத்திரங்களில் உள்ள நிறை விபரங்களை விளங்கிக்கொண்ட பின்னரே விலை பேசுதல் நன்று. "இரண்டு தொன் லொறி" என்று வழங்குவது அதன் மொத்த நிறையை அன்று, அது ஏற்றத்தக்க பாரத்தைக் குறிப்பதாகும் என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். வாங்கிய பின்னர் தட்டை நீட்டினாலும், இரும்புச் சாய்வுப் பலகைகளைப் பொருத்தினாலும், லொறியின் சுமையற்ற நிறை கூடுகின்றது. கூடிய அளவுக்கு ஏற்றத்தக்க பாரம் குறைந்துவிடும்.

தாங்குதிறன் எதில் தங்கியுள்ளது?

அச்சின் தாங்குதிறன் என்பது அச்சுத் தண்டின் வலு மாத்திரம் அன்று. பாரம் தட்டிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து பட்டை வில்லுக்கும், வில்லிலிருந்து அச்சுக் கூட்டுக்கும், அங்கிருந்து பெயாரிங்குகள் வழியாகச் சில்லுக்கும், சில்லின் வளையத்திலிருந்து ரயருக்கும், ரயரிலிருந்து நிலத்துக்கும் போய்ச் சேர்கின்றது. இச்சங்கிலியில் மிக மெலிந்த கண்ணி எதுவோ, அதன் வலுவே அந்த அச்சின் தாங்குதிறனாகும்.

இதனை உணராமையால் ஒரு பிழை நாடெங்கும் நடைபெறுகின்றது. பின்புறம் தாழ்கின்றது என்று கண்டவுடன் பட்டறைக்குச் சென்று வில்லில் மேலும் ஒரு பட்டையைச் சேர்த்துக்கொள்கின்றனர். லொறி நிமிர்ந்து நிற்கின்றது. பாரம் தாங்கும் வலு வந்துவிட்டதாகச் சாரதி நம்புகின்றார். உண்மையில் வலுவடைந்தது வில் ஒன்றே. அச்சுக் கூடும், பெயாரிங்கும், சில்லின் ஆணிகளும், தடுப்பும் முன்னிருந்தபடியே உள்ளன. தாழ்தல் என்னும் எச்சரிக்கையை மறைத்துவிட்டு மிகைப்பாரம் ஏற்றுவதால், அச்சு முன்னறிவிப்பின்றி முறிகின்றது.

ரயரைப் பற்றியும் இங்கே கூறுதல் வேண்டும். ரயரின் பக்கத்தில் அதன் அளவுக்கு அடுத்து ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது கிலோகிராம் அன்று. பாரத்துக்குரிய குறியெண் ஆகும். 100 என்ற குறியெண் 800 கிலோகிராமையும், 110 என்பது 1,060 கிலோகிராமையும், 120 என்பது 1,400 கிலோகிராமையும் குறிக்கும். சிலவற்றில் 116/114 என இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது ரயர் தனித்து ஓடும்போதும், இரண்டாவது இரட்டைச் சில்லாக ஓடும்போதும் பொருந்தும். 114 என்பது 1,180 கிலோகிராம் ஆகையால், பின்னே நான்கு ரயர்கள் உள்ள லொறியில் அவை நான்கும் சேர்ந்து 4,720 கிலோகிராம் தாங்கும். இதுவும் புதிய, உரிய காற்றழுத்தமுள்ள ரயர்களுக்கே பொருந்தும். இரட்டைச் சில்லில் உள்ளே இருக்கும் ரயரிற் காற்றுக் குறைந்திருப்பது வெளியே தெரியாது. அப்பொழுது வெளி ரயர் இருவரின் வேலையையும் செய்து வெடித்துவிடும்.

ஒரு கணக்கு

பின்வரும் உதாரணம் விஷயத்தைத் தெளிவாக்கும். ஒரு லொறியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 3.4 மீற்றர் எனக் கொள்வோம். சாரதியும் எரிபொருளும் உட்பட, வெறுமையாக நிற்கையில் முன்னச்சில் 1,600 கிலோகிராமும் பின்னச்சில் 1,200 கிலோகிராமும் உள்ளன. முன்னச்சின் தாங்குதிறன் 2,600 கிலோகிராம். பின்னச்சின் தாங்குதிறன் 4,400 கிலோகிராம். மொத்த நிறை 6,500 கிலோகிராம். ஏற்றப்படும் அறுவடை இயந்திரத்தின் நிறை 3,200 கிலோகிராம்.

முதலாம் முறை: இயந்திரத்தின் நிறைமையம் பின்னச்சுக்கு 0.6 மீற்றர் முன்னே வருமாறு நிறுத்தப்படுகின்றது. முன்னச்சுக்குச் செல்லும் பங்கைக் காண, 3,200 ஐ 0.6 ஆற் பெருக்கி 3.4 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 565 கிலோகிராம். மீதி 2,635 கிலோகிராம் பின்னச்சில் விழும். ஆகவே முன்னச்சின் பாரம் 2,165 கிலோகிராம். பின்னச்சின் பாரம் 3,835 கிலோகிராம். மொத்தம் 6,000 கிலோகிராம். மூன்று எல்லைகளும் மீறப்படவில்லை. பின்னச்சில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலு மிச்சமாக உள்ளது.

இரண்டாம் முறை: அதே இயந்திரம் ஒரு மீற்றர் பின்தள்ளி நிறுத்தப்படுகின்றது. நிறைமையம் இப்பொழுது பின்னச்சுக்கு 0.4 மீற்றர் பின்னே நிற்கின்றது. பாரம் நெம்புகோல் போல் முன்புறத்தைத் தூக்குகின்றது. 3,200 ஐ 0.4 ஆற் பெருக்கி 3.4 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 376 கிலோகிராம். இது முன்னச்சிலிருந்து கழிந்து பின்னச்சில் மேலதிகமாக ஏறும். முன்னச்சில் 1,224 கிலோகிராமே எஞ்சும். பின்னச்சில் 4,776 கிலோகிராம் விழும்.

மொத்தம் இப்பொழுதும் 6,000 கிலோகிராமே. தராசு மேடையில் லொறி முழுவதையும் நிறுத்தால் குற்றம் எதுவும் தோன்றாது. ஆனால் பின்னச்சின் தாங்குதிறன் 376 கிலோகிராமால் மீறப்பட்டுள்ளது. மேலே கூறிய நான்கு ரயர்களின் எல்லையும் தாண்டிவிட்டது. முன்னச்சோ வெறும் லொறியிலும் பார்க்க இலேசாகிவிட்டது. திருப்பும் சில்லுகள் நிலத்தை உறுதியாகப் பற்றாமையால், ஈரமான வீதியில் வளைவு வரும்போது சாரதி திருப்பினாலும் லொறி நேரே ஓடும். தடுப்பை அழுத்தும்போதும் முன்சில்லுகள் தம் பங்கைச் செய்ய மாட்டா. ஒரு மீற்றர் இடவேறுபாடு இத்தனை கேட்டையும் விளைவிக்கின்றது.

தட்டின் நீளம் இங்கே முக்கியமாகின்றது. குறுகிய தட்டுள்ள லொறியில் இயந்திரத்தை முன்னே நகர்த்த இடமிராது. வெட்டும் பகுதி சாரதியின் அறையில் முட்டும். ஆகையால் அச்சின் வலுவை மாத்திரம் பார்த்து லொறி தெரிதல் போதாது. நிறைமையம் பின்னச்சுக்கு முன்னே வருமாறு இயந்திரத்தை நிறுத்தத் தட்டில் இடம் உண்டா என்பதையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

தராசு மேடையிற் சரிபார்த்தல்

கணக்கு சரியா என்பதை அறிய எளிய வழி உண்டு. பெரிய அரிசி ஆலைகள் சிலவற்றிலும், கல்லுடைக்கும் இடங்கள் சிலவற்றிலும் லொறி நிறுக்கும் மேடை இருக்கும். இயந்திரத்தை ஏற்றிய லொறியின் முன்சில்லுகளை மாத்திரம் மேடையில் ஏற்றி ஒருமுறை நிறுத்தல் வேண்டும். பின்னர் லொறி முழுவதையும் நிறுத்தல் வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின்னச்சின் பாரம் கிடைக்கும். மேடையும் அதனை அடுத்த நிலமும் ஒரே மட்டமாக இருத்தல் அவசியம்.

இவ்வாறு ஒருமுறை சரியான இடம் கண்டபின், இயந்திரத்தின் சங்கிலிப் பட்டி முடியும் இடத்தில் தட்டின் மேல் வண்ணக் கோடு ஒன்றை இட்டுக்கொள்ளலாம். அதன்பின் எவர் ஏற்றினாலும், இரவில் ஏற்றினாலும், இயந்திரம் அக்கோட்டில் வந்து நின்றால் போதும். வேறு வகை இயந்திரத்தை ஏற்றும்போது புதிய கோடு தேவைப்படும்.

நிறுக்கும்போது இயந்திரம் பயணத்துக்குச் செல்லும் நிலையிலேயே இருத்தல் வேண்டும். விற்பனைத் தாளில் உள்ள நிறை சுத்தமான இயந்திரத்தின் நிறையாகும். வயலிலிருந்து நேரே ஏறும் இயந்திரத்தின் பட்டிகளில் களிமண் அப்பியிருக்கும். நெற்பெட்டி காலியாக்கப்படாமலும் இருக்கக் கூடும். ஒரு கன மீற்றர் நெல் 550 முதல் 600 கிலோகிராம் வரை நிறையுடையது. மேலும் அந்நெல் இயந்திரத்தின் உயரத்தில் இருப்பதால் கவிழும் தன்மையைக் கூட்டும். ஆகவே ஏற்றுவதற்கு முன் நெற்பெட்டியை வெறுமையாக்கி, பட்டியின் சேற்றை நீக்குதல் நன்று.

ஏற்றலும் இறக்கலும்

அச்சுக்கு அதிக ஆபத்து ஓட்டத்தின்போது அன்று, ஏற்றும்போதே நேர்கின்றது. இயந்திரம் சாய்வுப் பலகையில் ஏறித் தட்டின் ஓரத்தில் வந்து சாயும் கணத்தில், அதன் நிறை முழுவதும் லொறியின் வாலில் விழும். மேற்கூறிய லொறியில் தட்டின் ஓரம் பின்னச்சுக்கு 1.5 மீற்றர் பின்னே உள்ளதெனின், அக்கணத்தில் முன்னச்சிலிருந்து ஏறக்குறைய 1,412 கிலோகிராம் கழிந்துவிடும். எஞ்சுவது 188 கிலோகிராம் மாத்திரமே. பின்னச்சின் பாரமோ 5,800 கிலோகிராமைத் தாண்டும். லொறி சற்றுச் சரிவில் நின்றாலும் முன்சில்லுகள் எழுந்துவிடும். இயந்திரமும் அதில் அமர்ந்தவரும் பின்னோக்கிச் சரிவர்.

இதனைத் தவிர்க்க, தட்டின் பின்னோரத்தின் கீழ் இருபுறமும் உறுதியான முட்டுக்களைக் கொடுத்தல் வேண்டும். ஈரநிலத்தில் முட்டின் அடியிற் பலகை இடுதல் அவசியம். சாய்வுப் பலகையின் நீளம் தட்டின் உயரத்தைப் போல் நான்கு மடங்காவது இருத்தல் வேண்டும். தட்டு ஒரு மீற்றர் உயரமாயின் பலகை நான்கு மீற்றருக்குக் குறையலாகாது. குறுகிய பலகையில் ஏற்றம் செங்குத்தாகி, இயந்திரம் பின்புறம் கவிழக் கூடும். பலகையின் மேல் ஏறியபின் திசை திருப்புதல் கூடாது. இறங்கி, நேராக்கி, மீண்டும் ஏறுதலே தக்கது. முன்புறமாக ஏற்றுவதா, பின்புறமாக ஏற்றுவதா என்பதை அந்தந்த இயந்திரத்தின் கைந்நூலிற் கூறியபடி செய்தல் வேண்டும். ஏற்றியபின் நான்கு மூலைகளிலும் சங்கிலியால் இறுகக் கட்டி, சிறிது தூரம் ஓடிய பின்னர் நிறுத்திக் கட்டுக்களை மீண்டும் பார்த்தல் நன்று.

வீதியும் மதகும்

அறுவடை இயந்திரம் சேற்று வயலில் அமிழாமல் நடக்கின்றது. அதே இயந்திரத்தைச் சுமந்த லொறி வயலோர வீதியில் புதைகின்றது. இதன் காரணம் யாதெனில், இயந்திரத்தின் நிறை அகன்ற இரண்டு பட்டிகளிற் பரந்திருப்பதாகும். ஒவ்வொரு பட்டியும் 45 சென்ரிமீற்றர் அகலமும் 1.7 மீற்றர் நீளமும் நிலத்தைத் தொடுமாயின், ஒரு சதுர சென்ரிமீற்றரில் கால் கிலோகிராமுக்கும் குறைவான அழுத்தமே விழும். லொறியின் ரயர் நிலத்தை அழுத்தும் அளவு, ஏறக்குறைய அதனுள் உள்ள காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும். அது ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6 கிலோகிராம் அளவில் இருக்கும். எனவே லொறியில் ஏறியவுடன் இயந்திரத்தின் நிறை நிலத்தை இருபத்தைந்து மடங்குக்கு மேல் வலிதாக அழுத்துகின்றது.

அச்சுப் பாரம் வீதியை எவ்வாறு கெடுக்கின்றது என்பதை அறிய, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் பரிசோதனை நடைபெற்றது. அதற்கெனவே அமைத்த வீதிகளில், வெவ்வேறு அச்சுப் பாரமுள்ள லொறிகளைப் படையினர் இரவும் பகலும் ஓட்டினர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகள் அச்சுக்கள் வீதியின் மேல் உருண்டன. அச்சுப் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு நேரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்பது அதிலிருந்து பெறப்பட்ட பொதுவிதி. மேற்காட்டிய கணக்கில், பின்னச்சின் பாரம் 3,835 கிலோகிராமிலிருந்து 4,776 கிலோகிராமாகக் கூடியது. கூடியது நாலில் ஒரு பங்கேயாயினும், அவ்வச்சு வீதிக்குச் செய்யும் சேதம் ஏறக்குறைய 2.4 மடங்காகின்றது. தார் வீதிக்கே இவ்வாறெனில், மழையில் ஊறிய கிறவல் வீதியின் நிலையைக் கூற வேண்டியதில்லை. 2011 ஆம் ஆண்டு தை மாத வெள்ளத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் வயல்களும் உட்கிராம வீதிகளும் பெருஞ்சேதமுற்றதைக் கமக்காரர் அறிவர். வெள்ளம் வடிந்த உடனே கனமான பாரத்தை அவ்வீதிகளிற் கொண்டுசெல்வது, எஞ்சிய வீதியையும் அழிப்பதாகும்.

சட்டங்கள் அச்சுப் பாரத்துக்கு எல்லை விதிப்பது இக்காரணத்தாலேயே. இந்தியாவில் நான்கு ரயர்கள் உள்ள ஒற்றை அச்சுக்கு இருந்த 10.2 தொன் எல்லை 2018 ஆம் ஆண்டில் 11.5 தொன்னாகவும், அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சுக்கு இருந்த 19 தொன் 21 தொன்னாகவும் உயர்த்தப்பட்டது. சட்டம் எல்லையை உயர்த்தினாலும் பழைய லொறியின் அச்சு அதனால் வலுவடைவதில்லை. செய்தவர் குறித்த தாங்குதிறன், நாட்டின் சட்ட எல்லை, செல்லும் பாலத்தின் எல்லை ஆகிய மூன்றனுள் எது குறைந்ததோ, அதுவே கடைப்பிடிக்க வேண்டிய எல்லையாகும்.

வாவியைக் கடக்கும் பாலங்கள் இப்போது வலுவானவை. 1920 களில் அமைந்த ஒடுங்கிய கல்லடிப் பாலத்தின் அருகே புதிய பாலம் 2013 ஆம் ஆண்டிலும், முன்னர் பாதையிற் கடந்த மண்முனையிற் பாலம் 2014 ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. ஆயினும் லொறி இறுதியாகச் செல்ல வேண்டியது பெரும் பாலத்தின் மேல் அன்று. உன்னிச்சை, உறுகாமம் முதலிய குளங்களின் நீரைக் கொண்டுசெல்லும் வாய்க்கால்களின் மேல் உள்ள சிறு மதகுகளே அதன் வழியிற் கடைசித் தடையாகும். அவை உழவு இயந்திரமும் நெல் வண்டியும் செல்வதற்கென அமைந்தவை. மதகு உடைந்தால் பயணம் தடைப்படுவதோடு, கீழேயுள்ள வயல்களுக்கு நீரும் தடைப்படும். ஐயமுள்ள மதகுக்கு இப்பாலேயே இயந்திரத்தை இறக்கி, அதன் சொந்தப் பட்டியில் நடத்திச் செல்வதே புத்தி.

உழவு இயந்திரத்தின் பெட்டி

சிறு கமக்காரர் பலரிடம் லொறி இல்லை. உழவு இயந்திரத்தின் பின்னே பூட்டும் இருசில்லுப் பெட்டியே உண்டு. நீர் இறைக்கும் இயந்திரம், இருசில்லு உழவு இயந்திரம், நெல்லடிக்கும் இயந்திரம் ஆகியவற்றை அதிலேயே ஏற்றுகின்றனர். இப்பெட்டிக்கு ஒரே அச்சு. பாரம் அந்த அச்சுக்குச் சற்று முன்னே இருத்தல் வேண்டும். பெட்டியின் மொத்த நிறையில் பத்தில் ஒரு பங்களவாவது கொழுவியின் மேல் விழுதல் நன்று. பாரம் பின்னே சென்றால் கொழுவி மேலெழுந்து, உழவு இயந்திரத்தின் பின்சில்லுகளைத் தூக்கும். அவையே இழுக்கும் சில்லுகள் ஆகையால், சேற்றில் வலுவின்றிச் சுழலும். பள்ளத்தில் இறங்கும்போது தடுப்பும் பயன்படாது. தடுப்பில்லாத பெட்டியில் உழவு இயந்திரத்தினும் கூடிய நிறையை ஏற்றிக் குளக்கட்டிலிருந்து இறங்குவது மிக ஆபத்தானது. பெட்டி பின்னிருந்து தள்ளி, உழவு இயந்திரத்தைக் குறுக்கே மடக்கிவிடும்.

எத்தகைய லொறியைத் தெரிவது?

பாரம் தாங்கும் லொறி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுதலும் பொருந்தாது. மேட்டுநிலத்திற் கத்தரி, தக்காளி, மிளகாய் பயிரிடுவோர் ஆண்டின் பெரும்பகுதி காய்கறியையே ஏற்றுவர். கனமான பாரத்துக்கென அமைந்த அச்சில் விறைப்பான வில்லுகள் இருக்கும். குறைந்த பாரத்தில் அவை வளையமாட்டா. ஒவ்வொரு குழியிலும் தட்டு துள்ளும். தக்காளி சந்தைக்குச் சேருமுன் நசுங்கும். அன்றியும் பெரிய அச்சின் நிறை, ரயரின் விலை, எரிபொருட் செலவு யாவும் நாள்தோறும் சுமக்க வேண்டியவையாகும். அத்தகையோர், அன்றாட வேலைக்கு ஏற்ற லொறியை வைத்துக்கொண்டு, இயந்திரம் ஏற்ற வேண்டிய சில நாட்களுக்குப் பெரிய லொறியை வாடகைக்கு அமர்த்துவதே ஆதாயமானது. வெட்டுக் காலம் முழுவதும் இயந்திரத்தை வட்டைக்கு வட்டை கொண்டுசெல்லும் தொழிலினர்க்கோ வலுவான பின்னச்சும் நீண்ட தட்டும் உள்ள லொறி அவசியம்.

45 குதிரைவலு அளவுள்ள நாற்சில்லு உழவு இயந்திரம் ஏறக்குறைய 2 தொன் நிறையுள்ளது. உழு கலப்பை அல்லது சுழல் கலப்பை பூட்டியிருந்தால் நிறை மேலும் கூடும். நெல் வெட்டும் பட்டி இயந்திரங்கள் 3 தொன்னளவிலும் அதற்கு மேலும் உள்ளன. முன்னே அள்ளும் வாயும் பின்னே தோண்டும் கையும் உள்ள மண்வெட்டு இயந்திரம் 8 தொன்னளவு வரும். இதனைச் சிறிய லொறியில் ஏற்றுவதை எண்ணவும் கூடாது; கிட்டிய தூரமாயின் அது தானே ஓடிச் செல்லலாம். பட்டியில் நகரும் பெரிய மண்ணகழ் இயந்திரங்கள் 20 தொன்னளவின. அவற்றுக்குப் பல அச்சுக்கள் உள்ள தாழ்ந்த தட்டு இழுவையே ஏற்றது. அச்சுக்களின் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றின் பங்கும் குறையும். எனினும் நெருங்கி அமைந்த அச்சுக்கள் ஒடுங்கிய வளைவிற் பக்கவாட்டில் உராய்ந்து வீதியைக் கிளறும் என்பதையும், இழுவை திரும்புவதற்கு அகன்ற இடம் வேண்டும் என்பதையும் கருதல் வேண்டும்.

கமக்காரர் அமைப்புக்கள் ஒரே வட்டையின் வெட்டை ஒழுங்குபடுத்தி, இயந்திரம் ஒருமுறை இறங்கினால் அருகருகே உள்ள வயல்களை முடித்துக்கொண்டே ஏறுமாறு செய்தால், ஏற்றி இறக்கும் தடவைகள் குறையும். செலவும் குறையும், வீதியும் பிழைக்கும்.

நினைவில் இருத்த வேண்டியவை

1. இயந்திரத்தின் உண்மை நிறையை அறிக. சேறு, எரிபொருள், பூட்டிய கருவிகள் யாவற்றையும் சேர்த்துக்கொள்க.

2. லொறியின் மொத்த நிறையை மாத்திரம் பாராது, முன்னச்சு, பின்னச்சு ஆகியவற்றின் தாங்குதிறனைத் தனித்தனியே பார்க்க. ஒவ்வோர் அச்சிலும் பத்தில் ஒரு பங்கேனும் மிச்சம் இருக்கட்டும்.

3. இயந்திரத்தின் நிறைமையம் பின்னச்சுக்கு முன்னே நிற்குமாறு ஏற்றுக. தராசு மேடையிற் சரிபார்த்துத் தட்டிற் கோடு இடுக.

4. வில்லுக்குப் பட்டை சேர்ப்பதால் அச்சு வலுவடையாது.

5. ரயரின் குறியெண்ணையும் காற்றழுத்தத்தையும், இரட்டைச் சில்லின் உள் ரயரையும் பயணத்துக்கு முன் பார்க்க.

6. ஏற்றும்போதும் இறக்கும்போதும் தட்டின் வாலுக்கு முட்டுக் கொடுக்க. நெற்பெட்டியை வெறுமையாக்குக.

7. வழியிலுள்ள மிக மெலிந்த மதகை முந்திய நாளே சென்று பார்த்து வருக. வெட்டு நாளன்று அதன் வலுவைச் சோதித்தல் தகாது.